இரு பங்கும் ஒரு பங்கும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு நடந்த நாளில் கரையிலே ஒரு பங்கீடு நடைபெறுவது வழக்கம். கடலில் மூழ்கி எடுத்த சிப்பிகளைப் படகிலே ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அவற்றை மூன்று குவியலாகப் பிரித்து வைப்பார்கள். அரசாங்க அலுவலர் வந்து இரண்டு குவியல்களைத் தேர்ந்துகொள்வார். எஞ்சிய ஒன்று மூழ்கி எடுத்தவர்களுக்கு உரியது. எந்தக் குவியல் தமக்கு எஞ்சும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆதலால் மூன்றையும் ஒத்த அளவில் பிரிப்பதே மூழ்கியவர்களுக்கு நன்மையாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் நெடுநாள் வழங்கிய முறை இது. 1961-ஆம் ஆண்டோடு இக்கரையில் முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் 'இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு ஆளுக்கு' என்ற கணக்கை முதியோர் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர்.

அந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டால் எப்படியிருக்கும்? "நீங்கள் இரு பங்கு கொண்டுவாருங்கள்; நான் ஒரு பங்கு தருகிறேன்" என்று செல்வமுடையார் ஒருவர் ஊராரைப் பார்த்துச் சொன்னால் எப்படியிருக்கும்? அத்தகைய கொடையின் வரலாற்றைப் பற்றியே இன்று சிறிது பேசக் கருதுகின்றேன். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நூலகம் முதலிய அறநிலையங்கள் கட்டடம் எழுப்ப முற்படும்போது, பெரிய அறநிதியங்கள் இவ்வாறு நிபந்தனையோடு பணம் தருவதுண்டு. இன்ன நாளுக்குள் இவ்வளவு தொகையை நீங்கள் திரட்டினால், இவ்வளவு நாங்கள் தருவோம்; திரட்டாவிடில் தரமாட்டோம் என்பது அதன் சுருக்கம். இதனை நிபந்தனைக் கொடை என்று நாம் வழங்கலாம்.

இதை ஏன் இப்போது பேசவேண்டும் என்று சிலர் வினவலாம். என் ஊர் ஏரல். பொருநையாறு ஸ்ரீவைகுண்டம் அணையைக் கடந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கச் செல்லும் வழியில், அதன் கரையிலே அமைந்த ஊர் அது. வாழையும் நெல்லும் வெற்றிலையும் விளையும் மருத நிலம்; அயலூர்களுக்கெல்லாம் கடைத்தெருவாக விளங்கும் வணிக ஊர்; ஆடி அமாவாசைக்கு அருணாசல சுவாமி கோயிலை நோக்கி மக்கள் வெள்ளமெனத் திரளும் ஊர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மக்கள் வெள்ளம் அன்று, ஆற்று வெள்ளமே ஊருக்குள் வந்தது. அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரல் பாலத்தை ஆற்று வெள்ளம் உடைத்தது. வீடுகளிலும் கடைகளிலும் ஆள் உயரத்துக்கு நீர் நின்றது. ஊர் பல நாள் தீவுபோல் துண்டுபட்டுக் கிடந்தது.

வெள்ளம் வடிந்த பின்னர் எல்லோருக்கும் ஒன்று புலனாயிற்று. மேட்டு நிலத்தில் ஊருக்குப் பொதுவாக ஒரு நல்ல கட்டடம் வேண்டும். இயல்பான நாளில் அது படிப்பகமாக இருக்கலாம்; மருந்தகமாக இருக்கலாம்; வெள்ளம் வந்தால் முதியோரும் குழந்தைகளும் ஏறி நிற்கும் இடமாக இருக்கவேண்டும். இதை வேண்டுவது ஏரல் மட்டும் அன்று; ஆற்றோரத்து ஊர்கள் யாவும் வேண்டுகின்றன. வெள்ளக் காலத்தில் அரிசியும் துணியும் தந்தவர் பலர். அந்த அன்பை மறக்கலாகாது. ஆனால் பசிக்குச் சோறு தருவது வேறு. ஐம்பது ஆண்டு நிற்கும் சுவர் எழுப்புவது வேறு. சோற்றுக்கு இரக்கம் போதும். சுவருக்கு இரக்கத்தோடு கணக்கும் காலமும் வேண்டும். முன்னோர் இக்கணக்கை எவ்வாறு போட்டனர் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

நம் நாட்டில் கட்டடக் கொடை புதியது அன்று. குளம் வெட்டியோரும், சாவடி கட்டியோரும், தண்ணீர்ப் பந்தல் வைத்தோரும் எத்தனையோ பேர். திருநெல்வேலியில் பொருநையின் மேல் நிற்கும் பாலத்தைப் பாருங்கள். ஆற்றைக் கடக்கப் பாலம் இன்றி மக்கள் துன்புற்ற காலத்தில், கலெக்டர் தாம்சன் பாலம் கட்டுவிக்க முனைந்தார். பொதுமக்களிடம் நிதி திரட்டுவதே அவர் எண்ணம். அவர் அலுவலகத்தில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் அந்தப் பாரத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். 1843-ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பட்டது. இன்றளவும் அவர் பெயரே அதற்கு வழங்குகின்றது. ஒரு கை கொடுத்தது. ஊர் முழுவதும் கடந்தது. இது வள்ளன்மை. ஆயினும் இத்தகைய வள்ளல் ஊர்தோறும் பிறப்பதில்லை.

வள்ளல் பிறவாத ஊரில் என்ன செய்வது? அதற்கும் தென்பாண்டி நாட்டார் வழி கண்டிருந்தனர். வணிகர் தாம் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கென்று ஒதுக்கி வைத்தனர். அதற்கு மகமை என்று பெயர். விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற இலவசப் பள்ளியை ஊரார் நடத்தினர். வீடுதோறும் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து அப்பள்ளிக்கு உதவினர். அதனைப் பிடியரிசி என்றனர். அந்தப் பள்ளியிலே படித்த பிள்ளைகளுள் ஒருவர் காமராசர். ஒரு பிடி அரிசியை இழந்ததாக எந்த வீடும் உணரவில்லை. ஊரோ பள்ளியைப் பெற்றது. நிபந்தனைக் கொடையில் ஊரார் கொண்டுவர வேண்டிய பங்கு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை, இந்தக் கலயத்துக்குள்ளே இருக்கின்றது.

இனி நிபந்தனைக் கொடையின் தோற்றத்துக்கு வருவோம். 1751-ஆம் ஆண்டு. வட அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஏழை நோயாளர்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று தாமஸ் பாண்ட் என்னும் மருத்துவர் விரும்பினார். நகரிலே நன்கொடை கேட்டுப் பார்த்தார். போதிய அளவு கிட்டவில்லை. அவர் பெஞ்சமின் பிராங்கிளினிடம் சென்றார். பிராங்கிளின் மாகாணச் சட்டசபையை நாடினார். நாட்டுப்புறத்து உறுப்பினர் தயங்கினர். நகரத்தார்க்கு மட்டும் பயன்படும் நிலையத்துக்கு நாம் ஏன் பணம் தரவேண்டும் என்றனர்; நகரத்தார் தாமும் இதனை ஒருமனதாக விரும்பவில்லை என்று ஐயுற்றனர்.

அப்போது பிராங்கிளின் ஓர் உபாயம் செய்தார். நகரத்தார் தாமாகவே இரண்டாயிரம் பவுன் திரட்டினால், சட்டசபை மேலும் இரண்டாயிரம் பவுன் தரும் என்று மசோதாவை அமைத்தார். அவ்வளவு தொகை திரளாது என்று கருதிய உறுப்பினரும் அதனை எதிர்க்கவில்லை. செலவின்றிப் புகழ் கிடைக்குமே என்று இசைந்தனர். மசோதா நிறைவேறியதும் பிராங்கிளின் மக்களிடம் சென்று, நீங்கள் தரும் ஒவ்வொரு பவுனும் இரண்டாகும் என்று எடுத்துரைத்தார். தொகை விரைவிலே திரண்டது. சட்டசபையும் தன் சொல்லைக் காத்தது. மருத்துவமனை எழுந்தது, இன்றும் நிற்கின்றது. தாம் செய்த அரசியல் உபாயங்களுள் அப்போது தமக்கு இதைவிட மிகுந்த மகிழ்ச்சி தந்தது வேறொன்று நினைவில் இல்லை என்று பிராங்கிளின் தம் வரலாற்றில் குறித்திருக்கின்றார். இருபுறமும் நிபந்தனை வேலை செய்ததைக் கவனியுங்கள். சபையின் தயக்கத்தை அது தீர்த்தது. மக்களின் கையையும் அது திறந்தது.

நம் நாட்டிலே கல்வித் துறையில் இம்முறை 1854-ஆம் ஆண்டுக்குப் பின் வேரூன்றியது. சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு உதவி மானியம் அளிக்கப் பரிந்துரைத்தது. ஊரார் முயற்சியும் பொருளும் முன்னே இருக்கவேண்டும். அரசின் மானியம் அதற்குத் துணையாக வரவேண்டும் என்பது அதன் உட்கருத்து. திருநெல்வேலிச் சீமையில் இன்று நாம் காணும் பழைய பள்ளிகள் பலவும் இவ்வாறு இரு கால்களில் நின்று வளர்ந்தவையே.

தனி மனிதர் ஒருவர் அரசையே நிபந்தனைக்கு உட்படுத்திய கதையும் இந்தியாவில் உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா 1898-ஆம் ஆண்டில், உயர்ந்த அறிவியல் ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் அமைக்க ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தைத் தர முன்வந்தார். அரசும் பிறரும் துணை நின்றாலன்றி இது நடவாது என்பது அவர் துணிபு. இராசப் பிரதிநிதி கர்சன் பிரபு ஐயுற்றார், ஆண்டுகள் உருண்டன. 1904-ஆம் ஆண்டில் டாடா காலமானார். அவர் புதல்வர் தந்தையின் வாக்கைக் கைவிடவில்லை. மைசூர் அரசு 1907-ஆம் ஆண்டில் 371 ஏக்கர் நிலம் அளித்தது, பொருளும் உதவியது. 1909-ஆம் ஆண்டில் நிலையம் சட்டப்படி அமைந்தது. பெங்களூரில் இன்று புகழோடு விளங்கும் இந்திய அறிவியற் கழகம் அதுவே. விதைத்தவர் காணாத விளைவு அது. நிபந்தனைக் கொடையில் பொறுமையும் ஒரு பங்கு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆண்ட்ரு கார்னகி என்ற இரும்புத் தொழிலதிபரின் முறை வேறு. அவர் உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் தந்தார். அமெரிக்க நகரங்களுக்கு அவர் விதித்த நிபந்தனைகள் எளியவை. இடம் ஊரார் தரவேண்டும்; கட்டடத்துக்கு நான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்குச் செலவிட வேண்டும். பதினாயிரம் பெற்றால் ஆண்டுக்கு ஆயிரம். கட்டடம் கட்டுவது ஒரு நாள் விழா. அதைக் காப்பது என்றும் உள்ள கடமை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆண்டுச் செலவுக்கு அஞ்சிச் சில ஊர்கள் அக்கொடையை வேண்டா என்று விட்டன. அவ்வூர்களை நாம் பழித்தல் ஆகாது. காக்க இயலாத கட்டடத்தை ஏற்காமல் விடுவதும் ஒரு வகை நேர்மையே.

இப்போது நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். இம்முறையால் எழுந்த நிலையங்களுள் தலையாயது வேலூரிலே இருக்கின்றது. அதன் கதையைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும்.

இராணிப்பேட்டையிலே 1870-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். தந்தை மருத்துவப் பாதிரியார். ஐடா இளம் பெண்ணாக இருந்தபோது, திண்டிவனத்திலே ஓர் இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். பேறுகால வேதனையில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரவேண்டும் என்று வேண்டினர். தந்தை வருகிறேன் என்றார். ஆடவர் பார்க்கலாகாது, பெண்தான் வரவேண்டும் என்றனர் அவர்கள். ஐடா அப்போது மருத்துவம் அறியாதவர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிர் நீத்திருந்தனர். அந்த இரவு ஐடாவின் வாழ்க்கையை மாற்றியது. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, புதிய நூற்றாண்டின் விளிம்பில் வேலூருக்குத் திரும்பினார்.

திரும்பும் முன் 8,000 டாலர் திரட்டி வரும்படி அவருக்குப் பணித்திருந்தனர். நியூயார்க்கில் ஷெல் என்னும் செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் ஒரே காசோலையில் அளித்தார். அதைக் கொண்டு 40 படுக்கை உள்ள பெண்கள் மருத்துவமனை 1902-ஆம் ஆண்டில் வேலூரில் திறக்கப்பட்டது. சுலோசன முதலியாரின் பாலத்தைப் போல, இதுவும் ஒரு கை தந்த கொடை.

ஆனால் ஒரு பெண் மருத்துவர் எத்தனை கதவுகளுக்குச் செல்ல முடியும்? நம் நாட்டுப் பெண்களையே மருத்துவராக்க வேண்டும் என்று எண்ணி, 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். மாணவியர் வந்தனர், ஆசிரியர் வந்தனர், கட்டடம் இல்லை. 40 படுக்கை உள்ள மருத்துவமனை ஒரு மருத்துவப் பள்ளிக்குப் போதாது. இம்முறை வேண்டிய தொகை மிகப் பெரிது. ஒரு காசோலையில் அது அடங்குவதாக இல்லை.

அக்காலத்தில் இதே இடர்ப்பாடு ஆசியாவில் வேறு சில பெண்கள் கல்லூரிகளுக்கும் இருந்தது. டோக்கியோவில் ஒன்று, பீகிங்கில் இரண்டு, நான்கிங்கில் ஒன்று, இலட்சுமணபுரியில் ஒன்று, சென்னையில் 1915-ஆம் ஆண்டில் தோன்றிய மகளிர் கிறித்தவக் கல்லூரி ஒன்று, வேலூர் மருத்துவப் பள்ளி ஒன்று. இவ்வேழு நிலையங்களுக்கும் ஒன்றாக நிதி திரட்ட முன்வந்தவர் லூசி பீபாடி என்ற அம்மையார். இளமையில் கணவரோடு சென்னையிலே பணிபுரிந்தவர்; அங்கேயே கணவரை 1886-ஆம் ஆண்டில் இழந்து, சிறு பிள்ளைகளோடு நாடு திரும்பியவர். தமக்கு இழப்பைத் தந்த நாட்டை அவர் மறக்கவில்லை.

அவர் ராக்பெல்லர் குடும்பத்தின் அறநிதியம் ஒன்றை அணுகினார். மறைந்த மனைவியின் நினைவாக ராக்பெல்லர் 1918-ஆம் ஆண்டில் நிறுவிய லாரா ஸ்பெல்மன் நினைவு நிதியம் அது. நிதியம் தந்த விடை இது: நீங்கள் இருபது இலட்சம் டாலர் திரட்டுங்கள், நாங்கள் பத்து இலட்சம் டாலர் தருகிறோம், 1922-ஆம் ஆண்டு முடிவதற்குள் திரட்டிவிட வேண்டும். இரு பங்கு உங்களுடையது. ஒரு பங்கு எங்களுடையது.

நிபந்தனையைக் கேட்டுச் சோர்ந்திருந்தால் வேலூர் இல்லை. பீபாடி அம்மையாரும் அவர் தோழியரும் அமெரிக்காவின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் பெண்கள் சங்கங்களைத் திரட்டினர். ஐடா ஸ்கடரும் கடல் கடந்து சென்று ஊர் ஊராகப் பேசினார். மூன்று கதவுகளின் கதையைக் கேட்ட பெண்கள் தத்தம் பையைத் திறந்தனர். 1922 டிசம்பரில் டாலர் நாள் என்று ஒரு நாள் குறித்து, ஆளுக்கு ஒரு டாலர் கேட்டனர். நம் ஊர்ப் பிடியரிசிக்கும் இந்த ஒரு டாலருக்கும் என்ன வேற்றுமை? உருவம்தான் வேறு, உயிர் ஒன்றே. கேட்ட தொகை திரண்டது. நிதியமும் தன் பங்கைத் தந்தது.

அந்தப் பணம் வேலூரில் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறியது. ஊரின் நடுவே பெரிய மருத்துவமனை 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பின்னர் ஊருக்கு வெளியே மலைச்சாரலில் கல்லூரி வளாகமும் எழுந்தது. இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கான நோயாளர் வருகின்றனர். அங்கே செல்பவர் எவரும், இச்சுவரில் ஒரு டாலர் தந்த பெயர் தெரியாத பெண் ஒருத்தியின் கல்லும் இருக்கின்றது என்று எண்ணுவதில்லை. எண்ணவேண்டும் என்று அவளும் கேட்கவில்லை.

இந்த வரலாற்றுக்கு ஒரு பிற்பகுதி உண்டு. அதையும் மறைத்தல் முறை அன்று. 1930-களின் இறுதியில் சென்னை அரசு மருத்துவக் கல்வியைப் பட்டப்படிப்பாக உயர்த்த முடிவு செய்தது. பழைய பட்டயப் படிப்பை மட்டும் நடத்திய பள்ளிகள் உயரவேண்டும், அல்லது மூடவேண்டும் என்ற நிலை வந்தது. வேலூரைப் பட்டக் கல்லூரியாக்க மேலும் பெரும்பொருள் வேண்டியிருந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பல சபைகள் துணை நிற்கும். ஆனால் பீபாடி அம்மையார் அதனை எதிர்த்தார். பெண்கள் பெண்களுக்கென்று தந்த பணத்தில் எழுந்த நிலையம் இது. அதைப் பொதுவாக்குவது கொடுத்தவர்க்குச் செய்யும் துரோகம் என்பது அவர் கட்சி. நிலையத்தையே காக்க வேண்டுமாயின் கதவைத் திறக்கத்தான் வேண்டும் என்பது மற்றொரு கட்சி. ஐடா ஸ்கடர் இரண்டுக்கும் இடையே நெடுநாள் வருந்தி, இறுதியில் கதவைத் திறக்க இசைந்தார். 1942-ஆம் ஆண்டில் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. 1947-ஆம் ஆண்டில் ஆண்களும் சேர்ந்தனர். இருபது ஆண்டு ஒன்றாக உழைத்த தோழியர் இருவரிடையே பிளவு நேர்ந்தது.

இருவருள் யார் பக்கம் நீதி என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. கொடையோடு வரும் நிபந்தனை, பணம் செலவழிந்த பின்னும் சுவருக்குள் உயிரோடு இருக்கும். ஆதலால் கையொப்பம் இடும் நாளிலேயே, முப்பது ஆண்டு கழித்து நம் பிள்ளைகளுக்கு இது எப்படிப் படும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து, கட்டட நிதிக்கு விண்ணப்பம் செய்யும் ஓர் ஊர்ச் சங்கம் அறியத்தக்கவை யாவை? மேட்டுநிலத்தில் ஒரு படிப்பகம் கட்ட விரும்பும் சங்கம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, நிலம். நிலம் யார் பெயரில் இருக்கின்றது? பாட்டனார் வாய்ச்சொல்லால் தந்த நிலம் ஊருக்குப் போதும், அறநிதியத்துக்குப் போதாது. பட்டாவும் பத்திரமும் சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். சங்கமும் முறைப்படி பதிவு பெற்றிருக்கவேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தம் சராசரி இலாபத்தில் இரு விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிடப் பணித்தது. அப்பணத்தால் எழும் கட்டடம் யார் உடைமையாக இருக்கலாம் என்பதற்கு 2021-ஆம் ஆண்டில் விதி வகுத்தனர். அறப்பணிக்கென்று பதிவு பெற்ற அமைப்போ, பயன்பெறும் மக்கள் குழுவோ, பொது நிறுவனமோதான் அதனை உடையதாக இருக்கலாம். பணம் தந்த கம்பெனி வைத்துக்கொள்ளலாகாது. வெளிநாட்டில் வாழும் அயலார் தரும் பொருளைப் பெறுவதற்குத் தனிச் சட்டமும் தனிப் பதிவும் உண்டு. இவற்றை முன்னரே முடித்து வைத்தவர்க்கே வாயில் திறக்கும்.

இரண்டாவது, மதிப்பீடு. பொறியாளர் வரைந்த படமும் செலவுக் கணக்கும் இல்லாமல் எவரும் பணம் தரார். கணக்கு உண்மையாக இருக்கவேண்டும். செலவைக் குறைத்துக் காட்டினால் கட்டடம் பாதியில் நிற்கும். கூட்டிக் காட்டினால் நம்பிக்கை பாதியில் நிற்கும்.

மூன்றாவது, முதற் பங்கு. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் கிரெஸ்கி என்னும் வணிகர் 1924-ஆம் ஆண்டில் ஓர் அறநிதியம் நிறுவினார். அது பல பத்தாண்டுக் காலம் கட்டட வேலைகளுக்கே நிபந்தனைக் கொடை தந்து வந்தது. சங்கம் தன் இலக்கில் ஒரு நல்ல பகுதியைத் தானே திரட்டிய பிறகே அந்நிதியம் அதனை எடுத்துப் பார்க்கும். தொடங்கி வைப்பது அதன் நோக்கம் அன்று. முடித்து வைப்பதே நோக்கம். ஆதலின் வெறுங்கையோடு சென்று கேட்பது வீண். நிர்வாகக் குழுவினர் தாம் எவ்வளவு தந்தனர் என்பதே கொடையாளர் முதலில் காண விரும்புவது. கேட்பவன் கொடாவிட்டால் பிறர் ஏன் கொடுப்பர்?

நான்காவது, காலம். இன்ன நாள் என்று ஒன்று குறித்தால்தான் மக்கள் அசைவர். நாளை என்பது கொடைக்குப் பகை. ஆனால் வாக்கு வேறு, வரவு வேறு. நூறு பேர் தருவதாகச் சொன்னால் எண்பது பேர் தருவர் என்று கணக்கிட்டு நாளைக் குறித்தல் நன்று.

ஐந்தாவது, காப்பு. கார்னகியின் பத்தில் ஒரு பங்கை நினைவில் வைத்தல் வேண்டும். விளக்குக்கும் துப்புரவுக்கும் நூலகர் சம்பளத்துக்கும் வழி சொல்லாத விண்ணப்பம் முழு விண்ணப்பம் ஆகாது. திறப்பு விழாவுக்குப் பின் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அவற்றின் சுவரில் பெயர் பொறித்த கல் மட்டும் பளபளவென்று இருக்கும்.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. உள்ளவனுக்கே மேலும் தருவதாக அது முடியக்கூடும். இரு பங்கு திரட்ட வல்ல ஊர் மூன்று பங்கு பெறும். ஒரு பங்குக்கும் வழியில்லாத ஊர் ஒன்றும் பெறாது. கூலி வேலை செய்வோர் வாழும் தெருவில் வெள்ளம் ஆழமாக வந்திருக்கும். அத்தெருவில் திரட்டும் பணமோ குறைவாக இருக்கும். தேவை மிகுந்த இடத்தில் நிபந்தனை கதவை அடைத்துவிடலாமா?

இக்குறையைத் தமிழ்நாடு ஒருவாறு உணர்ந்து நடந்திருக்கின்றது. காமராசர் ஆட்சியில் நண்பகல் உணவுத் திட்டம் ஊராரின் உதவியால் தொடங்கியது. பிறகு அரசு ஓர் உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசு தான் தந்து, நான்கு காசை ஊரார் தரச் செய்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் தூண்டுதலால், ஊரார் பலகையும் மணியும் நிலமும் கட்டடமும் தத்தம் பள்ளிக்கு வழங்கினர். பணம் இல்லாதவர் உழைப்பைத் தந்தனர். 1997-ஆம் ஆண்டில் தோன்றி, 2021-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்ற 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊரார் பங்கு மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் மிகுதியாக வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒன்று. வலிமைக்கு ஏற்ப நிபந்தனையைத் தாழ்த்தும் இந்த அளவே அறத்துக்கு இயைந்தது. தனியார் அறநிதியங்களும் இதனை மேற்கொள்ளுதல் வேண்டும். ஒருவன் ஒரு நாள் உழைப்பையும் பணமாக எண்ணினால், ஏழை ஊர் எதுவும் வெறுங்கையோடு நில்லாது.

நேயர்களே, ஊருணி என்பது ஊரார் உண்ணும் நீர்நிலை. அதில் மழை பெய்து நிரம்புவது இயற்கையின் பங்கு. கரையை உயர்த்திக் கட்டி வைப்பது ஊரின் பங்கு. கரை இல்லாத இடத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் ஓடிப்போகும். பெருங்கொடையும் அத்தகையதே. அதை ஏந்த ஊர் தன் கரையை முன்னரே கட்டி வைத்திருக்கவேண்டும்.

எங்கள் ஏரலில் வெள்ளத்தின் சுவடு சுவர்களில் ஒரு கோடாக நெடுநாள் இருந்தது. சிலர் அதற்கு மேல் வெள்ளையடித்துவிட்டனர். சிலர் அப்படியே விட்டு வைத்தனர். அக்கோட்டுக்கு மேலே தளம் அமையும்படி ஊருக்கொரு கட்டடம் எழவேண்டும். அதற்கு வேண்டிய பொருள் முழுவதையும் நாமே தர இயலாது. முழுவதையும் பிறரிடம் கேட்பதும் அழகன்று. அக்காலத்தில் மூன்று குவியல்களுள் இரண்டை எடுத்துக்கொள்ள அலுவலர் வந்தார். இக்காலத்தில் ஒன்றைத் தருவதற்கு ஒருவர் வரக்கூடும். அவர் வரும்போது மற்ற இரு குவியல்களும் கரையிலே ஆயத்தமாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. அவற்றைச் சேர்க்கும் வேலை, வீட்டிலே உலை வைக்கும் வேளையில், ஒரு பிடி அரிசியோடு தொடங்கட்டும்.